குறைமாதக் குழந்தையும் ஒலியும்: அமைதி ஏன் சிகிச்சையின் ஒரு பகுதியாகிறது?

கருவுற்ற 37 வாரங்கள் நிறைவடைவதற்கு முன் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை எனப்படும். இக்குழந்தைகளில் பலர் பிறந்தவுடன் சில நாட்களையோ சில வாரங்களையோ பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் கழிக்க நேரிடுகிறது. அந்நாட்களில் பெற்றோர் நாள்தோறும் எடை, தாய்ப்பாலின் அளவு, மூச்சு, மஞ்சள் காமாலை ஆகியவற்றைப் பற்றிக் கேட்டறிகின்றனர். குழந்தையைச் சூழ்ந்துள்ள ஒலியைப் பற்றிக் கேட்போர் மிகக் குறைவு.

ஆயினும், ஒலி குழந்தையின் இதயத் துடிப்பையும் மூச்சையும் உறக்கத்தையும் ஹார்மோன்களையும் தொடுகிறது. அதன் வழியே எடை கூடுவதையும் தொடுகிறது. தேவையற்ற இரைச்சலைக் குறைப்பதும் தாயின் குரலைக் குழந்தைக்குக் கொடுப்பதும் குடும்பத்தினர் செலவின்றிச் செய்யக்கூடிய உதவிகளாகும். இந்த உதவிகளின் காரணத்தையும் முறையையும் இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியச் செய்திகள்

• திடீரெனவோ உரத்தோ எழும் இரைச்சல், குறைமாதக் குழந்தையின் உடலில் அழுத்த ஹார்மோன்களைத் தூண்டக்கூடும், உறக்கத்தையும் கலைக்கும்.
• உறக்கம் கலையும்போது, வளர்ச்சிக்குச் செல்ல வேண்டிய ஆற்றலின் ஒரு பகுதி வீணாகிறது.
• உள்காதின் ஒலி உணரும் செல்கள் அழிந்தால் மனிதர்களில் அவை மீண்டும் வளர்வதில்லை.
• முழு அமைதி தேவையில்லை. தாய், தந்தையின் மென்மையான குரல் குழந்தைக்கு நன்மை தரும்.
• தீவிர சிகிச்சை பெற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் செவித்திறன் பரிசோதனை கட்டாயம் செய்யப்பட வேண்டும்.

ஒலி எவ்வாறு அளக்கப்படுகிறது?

ஒலியின் உரப்பு டெசிபல் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. காதோடு காதாகப் பேசும் பேச்சு சுமார் 30 டெசிபல். இயல்பான உரையாடல் சுமார் 60 டெசிபல். சமையலறையில் மிக்சி ஓடும்போது அளவு 80 டெசிபலைத் தாண்டலாம். இந்த அளவுகோலை எடைக்கல் போலக் கருதிவிடக்கூடாது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. நம் காதுக்கு அது ஏறத்தாழ இரு மடங்கு உரத்ததாகக் கேட்கிறது. எனவே 50 டெசிபலுக்கும் 60 டெசிபலுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறியதன்று.

பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒலி 45 டெசிபலைத் தாண்டுவது கவலைக்குரியது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1997ஆம் ஆண்டு அறிவித்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் வரையிலான பகுதியை அமைதி மண்டலமாகக் கொள்கின்றன. அங்கு வரம்பு பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல். மருத்துவமனை வாயிலில் காணப்படும் "ஒலி எழுப்பாதீர்" என்னும் பலகைக்குப் பின்னால் இந்த விதி உள்ளது.

கருப்பையில் கேட்ட ஒலியும் சிகிச்சைப் பிரிவில் கேட்கும் ஒலியும்

கருவின் 25ஆம் வாரத்தை ஒட்டி, கருவிலுள்ள குழந்தை ஒலிக்கு எதிர்வினை காட்டத் தொடங்குகிறது. அப்போது அதனைச் சூழ்ந்திருப்பவை தாயின் இதயத் துடிப்பு, இரத்த ஓட்டத்தின் ஓசை, குடலின் அசைவு, தாயின் குரல் ஆகியவை. வெளியுலகின் ஒலிகள் தாயின் உடலையும் பனிக்குட நீரையும் கடந்து வருவதால், அவற்றின் கூர்மையான பகுதி மழுங்கிவிடுகிறது. தாழ்ந்த சுருதியுடைய ஒலிகளே பெரும்பாலும் உள்ளே எட்டுகின்றன.

28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தத் திரை பன்னிரண்டு வாரங்கள் முன்னதாகவே விலகிவிடுகிறது. செவிப்புலன் வளர்ந்துகொண்டிருக்கும் அதே காலத்தில், கண்காணிப்புக் கருவிகளின் எச்சரிக்கை ஒலி, மூச்சுக் கருவியின் ஓசை, தொலைபேசி மணி, பலர் ஒருங்கே பேசும் பேச்சு ஆகியவை நேரடியாகக் காதை அடைகின்றன.

இன்குபேட்டர் குழந்தையை வெளி ஒலியிலிருந்து முழுமையாகக் காப்பதில்லை. அதன் மோட்டார் தொடர்ந்து ஒலி எழுப்புகிறது. மேலும், அதன் சுவரில் படும் ஒவ்வொரு தட்டலும் உள்ளே எதிரொலித்துப் பெருகுகிறது. பக்கவாட்டுக் கதவை விசையுடன் மூடுதல், மூடியின்மேல் பால் கிண்ணத்தையோ குறிப்பேட்டையோ "டக்" என்று வைத்தல், குழந்தையை விழிக்கச் செய்ய விரலால் தட்டுதல் ஆகியவை உள்ளே 80 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியை உண்டாக்கக்கூடும். வெளியே நிற்பவருக்கு அது சிறு ஓசையாகவே தோன்றும்.

ஒரு திடீர்ச் சத்தம் உடலில் என்ன செய்கிறது?

திடீர்ச் சத்தம் கேட்டவுடன் குழந்தை திடுக்கிடுகிறது. கைகளை விரிக்கிறது, முகம் சுளிக்கிறது. இது கண்ணுக்குத் தெரியும் பகுதி. உடலின் உள்ளே இரண்டு செயல்கள் தொடங்குகின்றன.

முதலாவது, சில நொடிகளில் நிகழ்வது. தானியங்கு நரம்பு மண்டலம் விழிப்படைகிறது. சிறுநீரகங்களின்மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் மாறுகின்றன. வளர்ந்தவரில் இது கூடுதல் துடிப்பாக மட்டும் முடியலாம். குறைமாதக் குழந்தையில் மூச்சு சற்று நிற்பதும், துடிப்பு குறைவதும், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு இறங்குவதும் உண்டு. கண்காணிப்புத் திரையில் எண்கள் இறங்கி எச்சரிக்கை ஒலி எழுவதை நீங்கள் கண்டிருக்கலாம். அந்த எச்சரிக்கை ஒலியே மீண்டும் ஓர் இரைச்சலாகிறது.

இரண்டாவது, சில நிமிடங்களில் நிகழ்வது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி சுரப்பி அட்ரினல் சுரப்பியைத் தூண்டுகிறது. அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது.

கார்ட்டிசால் தீய பொருள் அன்று. நுரையீரல் முதிர்ச்சி அடையவும், இரத்தச் சர்க்கரை தாழாமல் இருக்கவும், நோயைத் தாங்கவும் அது தேவை. ஆனால் அதன் வேலை அவசரக் காலத்திற்குரியது. அது தசையில் உள்ள புரதத்தைக் கரைத்து உடனடி ஆற்றலாக மாற்றுகிறது. எலும்பு நீள்வதை மந்தமாக்குகிறது. நோய் எதிர்ப்பாற்றலைத் தணிக்கிறது. அவசரம் நீங்கியதும் அளவு குறைந்துவிட்டால் தீங்கில்லை. மீண்டும் மீண்டும் தூண்டப்பட்டு நீண்ட காலம் உயர்ந்தே இருந்தால், உடல் கட்டப்படும் வேலை பின்தள்ளப்படுகிறது.

ஒரு முறை கதவு அறைந்து மூடியதால் குழந்தையின் வளர்ச்சி நின்றுவிடாது. இதை எண்ணிப் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது, நாள் முழுவதும் சேரும் தொந்தரவுகளின் மொத்த அளவையே. ஊசி, இரத்தப் பரிசோதனை, குழாய் மாற்றுதல் போன்றவை குழந்தைக்குத் தவிர்க்க இயலாதவை. இரைச்சல் தவிர்க்கக்கூடியது.

உறக்கம், ஹார்மோன், எடை

குறைமாதக் குழந்தை நாளின் பெரும்பகுதியை உறக்கத்தில் கழிக்கிறது. இந்த உறக்கத்தில்தான் மூளையின் நரம்பு இணைப்புகள் உருவாகின்றன. பச்சிளங்குழந்தையின் ஓர் உறக்கச் சுற்று சுமார் ஒரு மணி நேரம் நீடிக்கும். அதன் நடுவில் எழுப்பப்பட்டால் சுற்று முழுமை பெறுவதில்லை.

வளர்ச்சியைச் செலுத்தும் ஹார்மோன்கள் வயதுக்கேற்ப மாறுகின்றன. பிறந்த தொடக்கத்தில் வளர்ச்சி பெரும்பாலும் உணவையும், இன்சுலினையும், இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி எனப்படும் பொருளையும் சார்ந்தது. போதிய பாலும் புரதமும் கிடைக்கும்போது இக்காரணியின் அளவு உயர்கிறது. பின்னர், உறக்க ஒழுங்கு நிலைபெறும்போது, பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை ஆழ்ந்த உறக்கத்தின்போது மிகுதியாகச் சுரக்கத் தொடங்குகிறது. இப்பழக்கம் குழந்தைப் பருவம் முழுவதும் தொடர்கிறது. "தூங்கும் பிள்ளை வளரும்" என்று முதியோர் கூறுவதற்கு இதில் அடிப்படை உண்டு.

எடையைக் கணக்காகவும் பார்க்கலாம். நிலைபெற்ற குறைமாதக் குழந்தை, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 15 கிராம் கூட வேண்டும் என்று மருத்துவர்கள் எதிர்பார்க்கின்றனர். 1,200 கிராம் எடையுள்ள குழந்தைக்கு அது 18 கிராம் மட்டுமே. ஒரு மேசைக்கரண்டி நீரின் எடையை ஒத்தது. இவ்வளவு சிறிய கணக்கில், அழுவதற்கும் திடுக்கிட்டு உதறுவதற்கும் செலவாகும் ஆற்றலுக்கும் இடமுண்டு. கொடுத்த பால் வளர்ச்சிக்குச் சேர வேண்டுமானால் குழந்தை அமைதியாக உறங்க வேண்டும்.

பிறந்த முதல் சில நாட்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் எடை சற்றுக் குறையும். அது இயல்பு. அதற்கு இரைச்சல் காரணமன்று.

கோழிக்குஞ்சுகள் கற்றுத் தந்தவை

ஒலிக்கும் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய அறிவின் ஒரு பகுதி கோழிக்குஞ்சுகளிடமிருந்து கிடைத்தது. கோழிமுட்டை 21 நாட்களில் பொரிக்கிறது. குஞ்சு முட்டைக்குள் இருக்கும்போதே ஒலியைக் கேட்கத் தொடங்குகிறது. பொரிப்பதற்கு முந்தைய நாட்களில் ஓட்டுக்குள்ளிருந்தே குரல் கொடுக்கிறது. அடைகாக்கும் தாய்க்கோழியும் பதில் தருகிறது. முட்டைக்குள் எந்த ஒலி எவ்வளவு நேரம் சென்றது என்பதைத் துல்லியமாகக் கட்டுப்படுத்த முடிவதால், ஆய்வாளர்கள் இதனைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

இந்த ஆய்வுகள் மூன்று செய்திகளைத் தருகின்றன.

முதல் செய்தி, அழுத்த ஹார்மோனும் வளர்ச்சியும் பற்றியது. பறவைகளில் கார்ட்டிசாலின் வேலையைக் கார்ட்டிகோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் செய்கிறது. அதன் அளவு நீண்ட நாட்கள் உயர்ந்திருக்கும் குஞ்சுகள் தீனி உண்டாலும் எடை கூடுவதில் பின்தங்குகின்றன. தசை குறைகிறது, கொழுப்பு சேர்கிறது. திடீர் வெடிச் சத்தம் கேட்டால் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நெரிசலில் மடிவதைப் பண்ணையாளர்கள் அறிவர். எனவேதான் குஞ்சுக் கொட்டகையை அமைதியாக வைக்கின்றனர்.

இரண்டாம் செய்தி, ஒலியின் தன்மை பற்றியது. புதுதில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள், பொரிக்கும் முன்னரே முட்டைகளுக்கு ஒலியைக் கேட்கச் செய்து குஞ்சுகளின் மூளையை ஆராய்ந்தனர். ஒழுங்கான தாளமுடைய இசையும் ஒழுங்கற்ற இரைச்சலும் ஒரே உரப்பில் ஒலித்தபோதும், அவை நினைவுக்குரிய மூளைப் பகுதியிலும் குஞ்சின் கற்றலிலும் வெவ்வேறு விளைவுகளை ஏற்படுத்தின. வளரும் மூளைக்கு ஒலியின் அளவைப் போலவே அதன் ஒழுங்கும் முக்கியம் என்பதே இதன் பொருள். முட்டைக்குச் செய்த சோதனையைக் குழந்தைக்குச் செய்து பார்க்கலாகாது; உரத்த இசை குழந்தைக்கு நல்லது என்றும் இதிலிருந்து கொள்ளலாகாது.

மூன்றாம் செய்தி மிக முக்கியமானது. உள்காதில் நத்தைச் சுருள் வடிவில் அமைந்த உறுப்பில், ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் நுண்ணிய மயிரிழைச் செல்கள் உள்ளன. உரத்த ஒலியாலும் சில மருந்துகளாலும் இவை அழியும். கோழிக்குஞ்சின் காதில் அழிந்த மயிரிழைச் செல்கள் மீண்டும் வளர்கின்றன என்பதை அறிவியலாளர்கள் 1980களின் இறுதியில் கண்டறிந்தனர். மனிதக் காதில் அவ்வாறு நிகழ்வதில்லை. நம் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 மயிரிழைச் செல்களே உள்ளன, இழந்தவை இழந்தவையே. கோழிக்குஞ்சுக்குக் கிடைக்கும் மறுவாய்ப்பு உங்கள் குழந்தைக்குக் கிடையாது. ஆகவே, வருமுன் காப்பதே வழி.

முழு அமைதியும் தீர்வன்று

இவற்றைப் படித்தபின், குழந்தையின் அருகில் வாய் திறக்கவே சில பெற்றோர் தயங்குகின்றனர். அது தேவையற்றது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள் பிற பெண்களின் குரலைவிடத் தம் தாயின் குரலையே விரும்புகின்றன என்பதை 1980ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. கருப்பையில் கேட்டுப் பழகிய குரல் அது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடத்தப்பட்டு 2014ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், அமைதியான தனியறைகளில் வைக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகள், இரண்டு வயதில் மொழித்திறனில் பின்தங்கியிருந்தது கண்டறியப்பட்டது. அறை அமைதியாக இருந்ததோடு மனிதக் குரலும் குறைவாக இருந்திருக்கலாம் என்பது அதிலிருந்து எழும் எச்சரிக்கை. தனியறை தேவையில்லை என்பது இதன் பொருளன்று. அமைதியான இடத்தில் பெற்றோரின் குரல் ஒலிக்க வேண்டும் என்பதே பொருள்.

சிகிச்சைப் பிரிவில் நீங்கள் செய்யக்கூடியவை

• பிரிவினுள் நுழையும் முன் கைப்பேசியை ஒலியற்ற நிலையில் வையுங்கள். பேச வேண்டுமெனில் வெளியே சென்று பேசுங்கள்.
• இன்குபேட்டரின் கதவை இரு கைகளால் பிடித்து மெதுவாக மூடுங்கள். அதன்மேல் எப்பொருளையும் வைக்காதீர்கள், விரலால் தட்டாதீர்கள்.
• குழந்தையைத் தொடுமுன் மெல்லிய குரலில் அழையுங்கள். பின்னர் அசையாத கையை அதன் தலையிலும் பாதத்திலும் இதமாக வையுங்கள். பேச்சு, தடவுதல், ஆட்டுதல் அனைத்தையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள்.
• நாளொன்றுக்குச் சில முறை, சில நிமிடங்கள், அருகிலிருப்பவரிடம் பேசும் தாழ்ந்த குரலில் பேசுங்கள் அல்லது தாலாட்டுப் பாடுங்கள். உங்கள் வீட்டு மொழியிலேயே பேசுங்கள்.
• குழந்தையின் முகத்தைக் கவனியுங்கள். கண் திறந்து அமைதியாகப் பார்த்தால் தொடரலாம். முகம் திருப்புதல், விரல்களை விறைப்பாக விரித்தல், விக்கல், கொட்டாவி, நிறம் மாறுதல் ஆகியவை "போதும்" என்னும் குறிகள். உடனே நிறுத்தி ஓய்வு கொடுங்கள்.
• எச்சரிக்கை ஒலி எழுந்தால் செவிலியரை அழையுங்கள். கருவியின் ஒலியை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. அந்த ஒலி உங்கள் குழந்தையின் பாதுகாப்புக்காகவே உள்ளது.
• பிரிவில் "அமைதி நேரம்" உண்டா என்று கேட்டறியுங்கள். பல பிரிவுகளில் விளக்கைத் தணித்து, பரிசோதனைகளை ஒன்றாகத் தொகுத்துச் செய்து, குழந்தைகளுக்குத் தடையற்ற உறக்கம் அளிக்கின்றனர். உங்கள் வருகையையும் பாலூட்டும் நேரத்தையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

இரைச்சல் தாயையும் பாதிக்கிறது. பால் சுரந்து இறங்க உதவும் ஆக்சிடோசின் ஹார்மோன், தாய் பதற்றமாக இருக்கும்போது தற்காலிகமாகத் தடைப்படும். எனவே, பால் பீய்ச்சும் இடமும் இயன்ற அளவு அமைதியாக இருப்பது நல்லது. அத்தகைய இடம் வேண்டும் என்று செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கங்காரு தாய் பராமரிப்பு

குழந்தையை மேலாடையின்றித் தாயின் மார்போடு தோல் பட அணைத்து வைத்துக்கொள்ளும் முறையே கங்காரு தாய் பராமரிப்பு. இது 1970களின் இறுதியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத மருத்துவமனையில் தொடங்கியது. குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் பிறந்த பின் இயன்ற விரைவில் இதனைத் தொடங்கி, நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை அளிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடத்தப்பட்டு 2021ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கிய எடை குறைந்த குழந்தைகளில் முதல் 28 நாட்களுக்குள் நேரும் இறப்பு 25 விழுக்காடு குறைந்தது.

ஒலியின் நோக்கில் பார்த்தால், இம்முறையில் குழந்தை கருப்பையில் கேட்ட ஒலிகளுக்குத் திரும்புகிறது. தாயின் இதயத் துடிப்பும் மூச்சும் காதருகே கேட்கின்றன. குரல் மார்பின் அதிர்வாகவும் எட்டுகிறது. உறக்கம் ஆழமாகிறது, துடிப்பும் மூச்சும் சீராகின்றன. தாய்க்கு உடல்நலம் குன்றினால் தந்தை, பாட்டி அல்லது நெருங்கிய உறவினர் இதனைச் செய்யலாம். எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

செவித்திறன் பரிசோதனை

பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒருவர் முதல் மூவர் வரை பிறவியிலேயே கேட்கும் திறன் குறைந்தவராக உள்ளனர். தீவிர சிகிச்சை பெற்ற குழந்தைகளில் இந்த விகிதம் பன்மடங்கு அதிகம். இரைச்சல் மட்டுமே இதற்குக் காரணமன்று. மிகக் குறைந்த எடை, நீண்ட நாள் செயற்கைச் சுவாசம், இரத்தம் மாற்றும் அளவுக்குக் கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், கருவில் ஏற்பட்ட தொற்று, குடும்பத்தில் செவித்திறன் குறைபாடு ஆகியவையும் காரணங்களாகும்.

ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற நோய்க்கிருமிக்கொல்லி மருந்துகளும் உள்காதைப் பாதிக்கக்கூடும். உரத்த ஒலி அப்பாதிப்பைக் கூட்டலாம். இம்மருந்துகள் குழந்தையின் உயிரைக் காக்கத் தரப்படுகின்றன. அவற்றை மறுக்காதீர்கள். மருந்து பெறும் நாட்களில் இரைச்சலைக் குறைப்பதும், பின்னர்ப் பரிசோதனையைத் தவறவிடாமல் இருப்பதும் உங்கள் பொறுப்பாகும்.

நினைவில் கொள்ள வேண்டிய எண்கள் மூன்று: 1, 3, 6. ஒரு மாதத்திற்குள் முதல் பரிசோதனை. அதில் தேறாவிடில் மூன்று மாதத்திற்குள் உறுதிப்படுத்தும் பரிசோதனை. குறைபாடு உறுதியானால் ஆறு மாதத்திற்குள் செவித்துணைக் கருவியும் பயிற்சியும். ஒரு மாதம் கடந்தும் மருத்துவமனையில் இருக்கும் குழந்தைக்கு, வீடு திரும்பும் முன் பரிசோதனை செய்யப்பட வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாட்களுக்கு மேல் இருந்த குழந்தைக்கு, மூளைக்குச் செல்லும் செவி நரம்பின் செயலையும் அறியும் "பெரா" பரிசோதனை தேவை. குழந்தை உறங்கும்போது செய்யப்படும் இப்பரிசோதனையில் வலி இல்லை.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவையும், மாவட்டத்திலுள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்தையும் இதற்காக அணுகலாம். தகுதியுள்ள குழந்தைகளுக்கு உள்காதில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும்.

வீடு திரும்பிய பின்

வீட்டில் அன்றாடம் எழும் பேச்சும் சமையலறை ஓசையும் குழந்தைக்குத் தீங்கல்ல. படிப்படியாக அவற்றுக்குப் பழகும். கீழ்க்காண்பவற்றில் மட்டும் கவனம் தேவை.

• தொலைக்காட்சி ஓடும் அறையில் குழந்தையை உறங்க வைக்காதீர்கள். மிக்சி, கிரைண்டர் இயங்கும்போது வேறு அறைக்கு மாற்றுங்கள்.
• கிலுகிலுப்பையையும் ஒலி எழுப்பும் பொம்மையையும் காதருகே ஆட்டாதீர்கள்.
• உறங்க வைப்பதற்காக "ஷ்" எனத் தொடர்ந்து ஒலிக்கும் கருவியையோ கைப்பேசிச் செயலியையோ தலைமாட்டில் வைக்காதீர்கள். 2014ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் சோதிக்கப்பட்ட இத்தகைய 14 கருவிகளும், முழு அளவில் இயங்கியபோது 30 சென்டிமீட்டர் தொலைவில் 50 டெசிபலைத் தாண்டின.
• பெயர் சூட்டும் விழாவில் ஒலிபெருக்கியைத் தவிருங்கள். திருவிழா வேட்டு, மேளம், ஊர்வலம் ஆகியவற்றின் அருகே கைக்குழந்தையைக் கொண்டு செல்லாதீர்கள்.
• தீபாவளி நாட்களில் தெருப்பக்கக் கதவையும் சன்னலையும் மூடி, உள்ளறையில் குழந்தையை வைத்துக்கொள்ளுங்கள். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல் வரை பட்டாசுகளுக்கு விதிகள் இடமளிக்கின்றன. அந்த அளவு குழந்தையின் காதுக்கு ஏற்றதன்று.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

குறைமாதக் குழந்தையின் வயதை, பிறந்த நாளிலிருந்து கணக்கிடாமல், பிரசவத்திற்குக் குறிக்கப்பட்ட நாளிலிருந்து கணக்கிடுங்கள். அவ்வாறு கணக்கிட்ட வயதில்:

• மூன்று மாதம் வரை உரத்த ஒலிக்குத் திடுக்கிடாமல் இருந்தால்,
• ஆறு மாதத்தில் குரல் வரும் பக்கம் திரும்பாவிட்டால்,
• பத்து மாதத்தில் "ப-ப", "ம-ம" போன்ற மழலை ஒலிகள் வராவிட்டால்,
• பன்னிரண்டு மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தும் பார்க்காவிட்டால்,

முதல் பரிசோதனை முடிவு இயல்பாக இருந்திருப்பினும், மீண்டும் செவித்திறன் பரிசோதனை செய்ய வேண்டும். "அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்று காத்திருத்தல் கூடாது. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் மொழி கற்கும் காலத்திலிருந்து குறைகிறது.

குழந்தை மூச்சு நிறுத்தினாலோ, நீலம் பாய்ந்தாலோ, பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ, ஒலிதான் காரணம் என எண்ணித் தாமதிக்காமல் 108 எண்ணை உடனே அழையுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*குழந்தையின் காதில் பஞ்சு வைக்கலாமா?*
கூடாது. மிகக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்குச் சிலிக்கான் செவியடைப்பான் பொருத்திய ஒரு சிறிய ஆய்வில் எடை கூடுவது மேம்பட்டது உண்மையே. ஆயினும், பங்கேற்ற குழந்தைகள் மிகச் சிலரே என்பதால் அது வழக்கமான சிகிச்சையாகவில்லை. நீங்களாக வைக்கும் பஞ்சு காதின் உள்ளே சென்றுவிடவும் தொற்று ஏற்படுத்தவும் கூடும்.

*கைப்பேசியில் பாட்டு வைக்கலாமா?*
உங்கள் குரலே மேலானது. அது குழந்தையின் முகத்தைப் பார்த்து ஏறவும் இறங்கவும் நிற்கவும் அறியும். பதிவு செய்த பாட்டுக்கு அது தெரியாது. இன்குபேட்டருக்குள் கைப்பேசியை ஒருபோதும் வைக்காதீர்கள்.

*எங்கள் குழந்தை இரைச்சலான பிரிவில் பல வாரங்கள் இருந்தது. பாதிப்பு இருக்குமா?*
அத்தகைய குழந்தைகளில் பெரும்பாலோர் நன்றாகவே கேட்கின்றனர், வளர்கின்றனர். கவலையுடன் காத்திருப்பதைவிடப் பரிசோதனை செய்து அறிவதே நலம். எடை, உயரம், தலைச் சுற்றளவு ஆகியவற்றைத் தொடர் பரிசோதனையில் குறித்துக்கொள்ளுங்கள்.

*பிரிவில் இரைச்சல் அதிகமெனில் யாரிடம் கூறுவது?*
பணியிலுள்ள செவிலியரிடமோ பிரிவின் பொறுப்பு மருத்துவரிடமோ பணிவுடன் கூறலாம். அது குறைகூறல் ஆகாது. உங்கள் குழந்தையின் பராமரிப்பில் பங்கேற்பதாகும்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். உங்கள் குழந்தையின் நிலைக்கேற்ற முடிவுகளை அதனைப் பராமரிக்கும் மருத்துவருடன் கலந்து எடுங்கள். தமிழ்நாட்டில் உள்ளோர் மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம்.